கணக்குக் கொப்பியை யாரிடம் காட்டுவது

கடை லாச்சிக்குள் பதினொரு கடிதங்கள் உடைக்காமல் கிடந்தன. எல்லாம் ஒரே வங்கியிலிருந்து வந்தவை. நீளமான வெள்ளை உறை, நடுவில் கண்ணாடித்தாள் ஒட்டிய சின்ன யன்னல், அதற்குள்ளே என் கம்பனியின் பெயர். தபால்காரர் சைக்கிளைச் சாத்தும்போதே எனக்கு வயிற்றைப் பிசையத் தொடங்கிவிடும். சிரித்துக்கொண்டு கையெழுத்து வைத்து வாங்குவேன், "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ அண்ணை" என்பேன். அவர் போனதும் லாச்சிக்குள் தள்ளிப் பூட்டுவேன். பூட்டி வைத்தால் கடன் வளராது என்று நம்பும் அளவுக்கு நான் மடையன் இல்லை. உடைத்தால் அன்றிரவு நித்திரை வராது, அவ்வளவுதான்.

இதை எழுதுவதற்கு முன் மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்கோ, ஆனா கடையின்ர பேரைப் போடாதேங்கோ" என்றாள். சரி, போடவில்லை. பரந்தன் பக்கம், ஏ9 வீதியோரம், சீமெந்தும் கம்பியும் தகரமும் விற்ற கடை. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மிச்சம் தானாக விளங்கும்.

2010இல், போர் முடிய எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது எங்கள் காணியில் மிஞ்சியிருந்தது கிணற்றுக்கட்டு மட்டும். தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு ஆணி, கட்டுக்கம்பி, தகரத்துக்கு அடிக்கும் வொசர் என்று விற்கத் தொடங்கினேன். வவுனியாவுக்குப் பஸ்ஸில் போய் உரப்பையில் கட்டிக்கொண்டு வருவேன். அந்த நாட்களில் வன்னியில் என்ன விற்றாலும் போகும். எல்லோருக்கும் எல்லாமே புதிதாகத் தேவைப்பட்டது.

2012க்குப் பிறகு இந்திய உதவி வீட்டுத்திட்டம் வேகம் பிடித்தது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. பயனாளி தானே நின்று கட்ட வேண்டும். அத்திவாரம் முடிந்தால் ஒரு தொகை, சுவர் எழும்பினால் ஒரு தொகை, கூரைக்கு ஒரு தொகை என்று பணம் வங்கிக் கணக்குக்கு வரும். இரண்டு தவணைக்கு நடுவில் சனத்தின் கையில் காசு இருக்காது, ஆனால் மேசன் வந்து நிற்பார். அந்த இடைவெளியை நிரப்பியது எங்களைப் போன்ற கடைகள்தான். சீமெந்தைக் கடனாகக் கொடுப்போம், தவணை விழுந்ததும் தந்துவிடுவார்கள். நான் கொடுத்த கடனில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட ஏமாற்றவில்லை. அந்த நாலைந்து வருடம் எனக்குக் கற்றுத்தந்த பாடம் 'கடன் கொடுத்தால் காசு வரும்' என்பது. அது அந்தக் காலத்துக்கு மட்டும் பொருந்திய பாடம் என்று யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

2016இல் கடையை பிரைவேட் லிமிட்டட் கம்பனியாகப் பதிவு செய்தேன். பணிப்பாளர்கள் இரண்டு பேர், நானும் மனைவியும். பெரிய விநியோகத்தர்கள் கம்பனி என்றால் மதிப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். விசிட்டிங் கார்ட் அடித்தேன். அடுத்த வருடம் ஒரு கோடி ரூபா தவணைக் கடன், அதற்கு மேல் ஐம்பது இலட்சம் ஓ.டி., அதாவது கணக்கில் இருப்பதற்கு மேலாக எடுக்கும் வசதி. வன்னியில் பெரும்பாலானவை அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணிகள், அவற்றை ஈடு வைப்பது லேசு இல்லை. அப்பா வாங்கிவிட்டது உறுதிக் காணி. உறுதிக் காணி வைத்திருப்பவனை வங்கி தேடி வரும். வந்தது. சீமெந்துக் களஞ்சியம் நின்ற வீதியோரக் காணியை ஈடு வைத்தேன். மனைவியும் நானும் தனிப்பட்ட முறையிலும் பிணை நிற்கிறோம் என்று ஒரு தாளில் கையெழுத்து வைத்தோம். அந்தத் தாளை நாங்கள் வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் வைத்துத்தான் இருப்போம், ஆனால் எதில் வைக்கிறோம் என்றாவது தெரிந்திருக்கும்.

2018 டிசம்பர் வெள்ளம் இந்தப் பக்கத்துக்காரர் யாரும் மறக்காதது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர் ஊராக மூழ்கியது. என் களஞ்சியத்துக்குள் முழங்காலளவு தண்ணீர். சீமெந்து அடுக்கில் கீழ் நாலு வரிசை பையோடு கல்லாகியது. கடப்பாரையால் கிளப்பி எடுத்து பின்வளவில் மதில் மாதிரி அடுக்கினோம். இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது. பையின் தாள் உக்கிப் போய்விட்டது, பையின் மடிப்பு மட்டும் கல்லில் பதிந்திருக்கிறது. காப்புறுதி தீக்கு இருந்தது, வெள்ளத்துக்கு இல்லை.

அதிலிருந்து எழும்பியிருக்கலாம். 2019இல் தேர்தலுக்கு முன் ஒரு வீட்டுத்திட்டம் வந்தது. மறுபடியும் தவணை முறை. மறுபடியும் சனம் என்னிடம் வந்தது, மறுபடியும் கொப்பியைத் திறந்தேன். ஆட்சி மாறியதும் தவணைகள் நின்றுபோயின. விசுவமடு, தர்மபுரம், புதுக்குடியிருப்பு என்று எந்தப் பக்கம் போனாலும் யன்னல் மட்டத்தில் நின்றுவிட்ட சுவர்களைப் பார்க்கலாம். அந்தச் சுவர்களில் பலவற்றில் என் சீமெந்து இருந்தது. யாரைப் பிடித்துக் கேட்பது? கூரையில்லாத வீட்டுக்குள் தறப்பாளைக் கட்டிக்கொண்டு இருக்கும் ஆளிடம் போய் "சீமெந்துக் காசு" என்று எப்படிக் கேட்பது? இரண்டு தரம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு தரமும் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

பிறகு கொரோனா. வங்கி தவணைகளை ஒத்திவைத்தது. மொறட்டோரியம் என்ற சொல்லை வன்னியில் ஆடு மேய்க்கிறவர் வரை சொல்லப் பழகிய காலம். தவணை நின்றதே தவிர வட்டி நிற்கவில்லை என்பதை எத்தனை பேர் விளங்கிக்கொண்டோம் என்று தெரியாது. நான் விளங்கிக்கொள்ளவில்லை. ஒத்திவைத்த மாதங்களின் வட்டி ஒரு மூலையில் இருந்து வளர்ந்து, மொறட்டோரியம் முடிந்ததும் முதலோடு சேர்ந்து வாசலில் வந்து நின்றது.

2022ஐப் பற்றி எழுதத் தொடங்கினால் பெற்றோல் வரிசை, காஸ் வரிசை என்று கதை எங்கேயோ போய்விடும். வியாபாரத்தை மட்டும் சொல்கிறேன். மார்ச் மாதம் ரூபாவை மிதக்கவிட்டார்கள். இருநூறு ரூபா டொலர் இரண்டு மூன்று மாதத்துக்குள் முன்னூற்றைம்பதைத் தாண்டியது. ஆயிரத்துச் சொச்சத்துக்கு விற்ற சீமெந்துப் பை அந்த வருடத்துக்குள்ளேயே மூவாயிரத்தைத் தாண்டியது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு, கையில் பழைய சரக்கு வைத்திருந்த கடைக்காரனுக்கு வேட்டை என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆயிரத்து இருநூறுக்கு வாங்கியதை ஆயிரத்து எண்ணூறுக்கு விற்றேன், அறுநூறு ரூபா இலாபம் என்று கொப்பியில் எழுதினேன். அதே பையைத் திரும்ப வாங்கப் போனால் இரண்டாயிரத்து முன்னூறு. இலாபம் என்று நான் எழுதியது உண்மையில் என் முதல். விற்க விற்க களஞ்சியம் வெறுமையானது. விற்காமல் வைத்திருந்தால் வட்டி.

வட்டிக் கணக்கு இதைவிட மோசம். வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடனின் சராசரி வட்டி 2022 தொடக்கத்தில் 9 வீதத்துக்கும் கீழே இருந்தது. வருடம் முடியும்போது 27 வீதத்தைத் தாண்டியிருந்தது. நான் முதல்தர வாடிக்கையாளர் இல்லை. என் ஓ.டி. 13 வீதத்திலிருந்து 30க்கு ஏறியது. ஐம்பது இலட்சத்துக்கு 13 வீதம் என்றால் மாதம் 54 ஆயிரம். 30 வீதம் என்றால் 1 இலட்சத்து 25 ஆயிரம். அந்த மாதங்களில் யாரும் வீடு கட்டவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன். இந்தக் காலம் முழுக்க நான் ஒருவரிடமும் ஆலோசனை கேட்கவில்லை என்று நினைக்க வேண்டாம். கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். வன்னியில் ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை.

சீமெந்து விநியோகத்தரின் ஆள் வருவார். "அண்ணை, விலை இன்னும் கூடப் போகுது, இப்ப இருநூறு பை கூட எடுங்கோ, செக்கை இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கோ" என்பார். அவருக்கு மாத இலக்கு இருந்தது. வங்கியில் கேட்டால், ஓ.டி.யை மூடிவிட்டு அதைத் தவணைக் கடனாக மாற்றினால் கையெழுத்து வைத்த அன்றே எல்லாம் சீராகிவிடும் என்றார்கள். புதிய கடன், புதிய கட்டணம், பழைய காணி. மைத்துனர் ஐந்து இலட்சம் தந்து உதவினார், நல்ல மனுசன். தந்த பிறகு அவருடைய ஆலோசனை எல்லாம் கடையை எப்படியாவது திறந்து வைத்திருக்க வேண்டும் என்பதாகவே இருந்தது. கடை மூடினால் அந்த ஐந்து இலட்சம் எங்கே? சீட்டுப் பிடிக்கும் அக்கா, "முதல் சீட்டை நீங்களே எடுங்கோ, மிச்சத்தைக் கடவுள் பார்ப்பார்" என்றா. மீட்டர் வட்டிக்குக் கொடுப்பவர் ஒருவர் இருந்தார், அவரைப் போல் மரியாதையாகக் கதைக்கும் ஆளை நான் கண்டதில்லை. காசு எண்ணிக் கொடுத்துவிட்டு, கடை வாசலில் முருகண்டிப் பிள்ளையார் படம் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். வைத்தேன். மனைவியின் தாலிக்கொடி வரை அடைவில் இருந்தது, பிள்ளையார்தான் கடையில் மிஞ்சிய ஒரே பெறுமதியான பொருள்.

இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பொய்யும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஆலோசனை சொன்ன ஒவ்வொருவரும் எனக்குக் கடன் தந்தவர், அல்லது தரப்போகிறவர். ஒருவருக்குக்கூட 'இத்தோடு நிறுத்து' என்று சொல்வதில் நன்மை இல்லை. சாத்திரியார் ஒருவர் மட்டும் "கொஞ்சம் பொறு தம்பி" என்றார். அவருக்கும் நான் ஐந்நூறு ரூபா பாக்கி.

நாடே அந்தக் காலத்தில் என்ன செய்தது என்று பிறகுதான் யோசித்தேன். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அரசாங்கம் பகிரங்கமாகச் சொன்னது. வங்குரோத்து என்ற சொல் அன்றைக்குத்தான் வானொலிச் செய்திக்குள் வந்து குந்தியது. அடுத்த மாதமே லசார்ட் என்ற நிறுவனத்தை நிதி ஆலோசகராகவும், கிளிஃபோர்ட் சான்ஸ் என்ற சட்ட நிறுவனத்தைச் சட்ட ஆலோசகராகவும் அமர்த்தினார்கள். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அந்தத் திட்டம் எங்களைப் போன்றவர்களை என்ன பாடு படுத்தியது என்பது வேறு கதை. ஆனால் இவ்வளவு பெரிய கடனாளியே முதலில் 'முடியாது' என்று சொல்லிவிட்டு, கணக்குத் தெரிந்த வெளியாளைக் கூப்பிட்டிருக்கிறான். பரந்தனில் ஒரு சீமெந்துக் கடைக்காரன் முடியாது என்று சொல்ல வெட்கப்பட்டு லாச்சியைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

லண்டன் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமாவின் மகன், என் வயது. ஈஸ்ட் ஹாம் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருந்தான். 2023 கடைசியில் ஒரு நாள் இரவு போன் எடுத்தான். அவனிடம் கொஞ்சம் காசு கேட்கலாம் என்று நான் ஒரு கிழமையாக வசனம் அமைத்துக்கொண்டிருந்தேன். நான் தொடங்க முன்னமே, "மச்சான், கடையை மூடியிட்டன். கம்பனியை லிக்குயிடேசன்ல போட்டாச்சு" என்றான். குரலில் அழுகை இல்லை. கிணறு தூர்வாரி முடித்த ஆளின் குரல் மாதிரி, களைத்த குரல்.

அங்கே அது என்ன முறை என்று அன்றிரவு ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். கொரோனா காலத்தில் அரசாங்கம் முழு உத்தரவாதம் கொடுத்து 50 ஆயிரம் பவுண் வரை சிறு வியாபாரங்களுக்குக் கடன் கொடுத்தது. இவனும் எடுத்தான். பிறகு மின்சாரக் கட்டணமும் வாடகையும் ஏறின, சனம் பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளின் மலிவுப் பக்கம் போனது. கடன்தீர்க்க முடியாத கம்பனிகளைக் கையாள்வதற்கென்றே உரிமம் பெற்ற ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் போயிருக்கிறான். முதல் சந்திப்புக்குக் காசு இல்லையாம். அந்த ஆள் கேட்ட முதல் கேள்வி, "எந்த மாதத்திலிருந்து உன்னால் கட்டமுடியாது என்று உனக்குத் தெரியும்?" என்பதாம். தெரிந்த பிறகும் கடன்காரரின் காசில் வியாபாரத்தை இழுத்துக்கொண்டு போனால் பணிப்பாளர் தன் கையிலிருந்து கட்ட வேண்டி வரலாம் என்பது அவர்கள் சட்டம். அதனால் நேரத்தோடு போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பங்குதாரர்கள் தாங்களே தீர்மானம் போட்டு, கலைப்பாளரை நியமித்துக் கம்பனியை மூடுகிறார்கள். 2023இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 25,158 கம்பனிகள் கடன்தீர்க்க முடியாமல் விழுந்தன. 1993க்குப் பிறகு அதுதான் ஆகக் கூடிய எண்ணிக்கை. அதில் பெரும்பகுதி இப்படித் தாங்களாகப் போய் மூடிக்கொண்டவை.

"நீ ஏன்டா முன்னமே சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீ சொன்னியே?" என்றான்.

கடை மூடிய மாதம்கூட அவன் மாமிக்குக் காசு அனுப்பியிருந்தான். கோயில் திருவிழாவுக்கும் அனுப்பியிருந்தான். நாங்கள் அவனைப் பார்த்துப் பெருமைப்பட்டோம், அவன் எங்களுடைய கடை வாசலில் நிற்கும் லொறியைப் படத்தில் பார்த்துப் பெருமைப்பட்டான். லொறி லீசிங்கில் மூன்று தவணை பாக்கி.

போனை வைக்க முன் ஒன்று சொன்னான்: "உனக்குக் கடன் தராத, உன்னிட்டைக் கடன் வாங்காத, உன்ர சொந்தக்காரனும் இல்லாத ஒராளிட்டைக் கொப்பியைக் காட்டு." கிளிநொச்சியில் அப்படி ஒரு ஆளைத் தேடிப் பாருங்கள். எனக்கு மூன்று கிழமை எடுத்தது.

அவர் உருத்திரபுரத்தில் இருக்கிறார். கூட்டுறவுத் திணைக்களத்தில் கணக்காய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வடக்கில் எத்தனையோ பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் எழும்பி விழுந்ததைக் கணக்கு வழியாகப் பார்த்த மனுசன். எல்லோருக்கும் 'சேர்'. போனபோது மாட்டுக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். நான் கதையைத் தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினார். "கதை பிறகு. கடிதமெல்லாம் எங்க?"

லாச்சியிலிருந்து கொண்டுபோன பதினொரு உறைகளையும் மேசையில் வைத்தேன். உடைக்காததைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. புல்லு வெட்டின கத்தியைச் சாரத்தில் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாக உடைத்தார், திகதிப்படி அடுக்கினார். முதல் நாலும் சாதாரண நினைவூட்டல்கள். ஐந்தாவது கடிதத்தில், வந்து கதைத்தால் தவணையை மறுசீரமைக்கலாம் என்று வங்கியே எழுதியிருந்தது. திகதி 2023 ஏப்ரல். ஒன்பது மாதமாக அது என் லாச்சிக்குள் கிடந்திருக்கிறது. அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன், ஏனென்று தெரியவில்லை. கடைசி உறையில் இருந்தது பராட்டே அறிவித்தல்.

பராட்டே பற்றித் தெரியாதவர்களுக்கு: 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம். ஈடு வைத்த சொத்தை வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலே ஏலம் போடலாம். வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் எடுத்து, அரசாங்க வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தால் போதும். பத்திரிகையில் பெயர் வருவது என்றால் எங்கள் ஊரில் மரண அறிவித்தலுக்கு அடுத்தது இதுதான். கடனாக எடுத்த முதல் ஐம்பது இலட்சத்துக்குக் குறைவு என்றால் இந்த அதிகாரத்தைப் பாவிக்க முடியாது என்று 2011இல் திருத்தம் வந்தது. என்னுடையது அதற்கு மேல்.

சேர் ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து மூன்று நிரல் கீறினார். கம்பனி கொடுக்க வேண்டியது, நீ கொடுக்க வேண்டியது, உனக்கு வரவேண்டியது. எனக்கு அதுவரை முதல் இரண்டும் ஒன்றுதான். அவர் ஒவ்வொரு கடனுக்கும் "இதில ஆர் கையெழுத்து?" என்று கேட்டார். சீமெந்துக் கடன் கம்பனியின் பெயரில் மட்டும். வங்கிக் கடன் கம்பனியின் பெயரில், ஆனால் நாங்கள் பிணை நின்றதால் எங்கள் தலையிலும். மைத்துனரின் காசு, அடைவு, மீட்டர் வட்டி முழுக்க என் பெயரில். லிமிட்டட் என்று பெயர்ப்பலகையில் எழுதிய பிறகும் எதுவுமே லிமிட் இல்லை. என் சொந்தக் கடனைக் கட்டமுடியாமல் நான் நீதிமன்றத்துக்குப் போனால் எந்தச் சட்டம் என்று கேட்டேன். சிரித்தார். 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இரணைமடுக் குளம் கட்ட முந்தியது.

கம்பனிச் சட்டத்தில் ஒரு பிரிவைக் காட்டினார். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கம், 219ஆவது பிரிவு. கம்பனியால் கடனை உரிய நேரத்தில் கட்டமுடியாது என்று ஒரு பணிப்பாளர் நம்பினால், உடனே பணிப்பாளர் சபையைக் கூட்டி, கம்பனியைக் கலைப்பதா இழுத்துக்கொண்டு போவதா என்று தீர்மானிக்க வேண்டும். "கூட்டம் போட்டியே?" என்று கேட்டார். எங்கள் பணிப்பாளர் சபை குசினியில் ஒவ்வொரு நாளும் கூடியதுதான், ஆனால் நான் உண்மையைச் சொன்னது ஒரு நாளும் இல்லை. அன்றிரவு சொன்னேன். மனைவி இடியப்ப உரலை வைத்துவிட்டு, "எனக்கு 2021 இலேயே தெரியும்" என்றாள். இரண்டு வருடம் இரண்டு பேரும் ஒருவருக்கு ஒருவர் மறைத்துக்கொண்டு ஒரே கடனைச் சுமந்திருக்கிறோம்.

சேர் கோபப்பட்டது ஒரே இடத்தில்தான். ஊழியர் சேமலாப நிதி. கடையில் மூன்று பெடியள் வேலை. அவர்களின் சம்பளத்தில் 8 வீதம் வெட்டி, நான் 12 வீதம் போட்டு அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். பதினாலு மாதம் கட்டவில்லை. "உன்ர 12 ஐக் கட்டேல்லை, சரி, உன்ர கஷ்டம். அவங்கட எட்டை வெட்டிப்போட்டுக் கட்டாமல் விட்டது என்ன?" எனக்குப் பதில் இல்லை. பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கும், ஒரு வருடம் தாண்டினால் 50 வீதம். முதலில் தீர்க்க வேண்டிய கடன் அதுதான் என்று கொப்பியின் தலையில் எழுதினார். கம்பனி கலைந்தால்கூட தொழிலாளியின் நிலுவைக்கு முன்னுரிமை உண்டு. அடுத்த வரி: எழுதிக் கொடுத்த செக்குகள். கணக்கில் காசு இல்லை என்று தெரிந்துகொண்டு செக் கொடுப்பது குற்றவியல் விசயம், வெறும் கடன் வழக்கு இல்லை. விநியோகத்தரின் ஆள் அவ்வளவு சுகமாகத் தள்ளிப்போடச் சொன்ன செக் எத்தனை பாரதூரமானது என்று அப்போதுதான் விளங்கியது.

பிறகு என்னிடம் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். கெஞ்சல் ஒரு வரியும் இருக்கக் கூடாது. இவ்வளவு வருமானம், இவ்வளவு செலவு, இவ்வளவுதான் கட்டமுடியும், ஆதாரம் இணைப்பு. ஒவ்வொரு வங்கியிலும், கஷ்டத்தில் விழுந்த வியாபாரங்களைத் தூக்கிவிட, வணிகப் புத்துயிர்ப்பு அலகு இருக்க வேண்டும் என்று மத்திய வங்கி 2024இல் சுற்றறிக்கை விட்டது, அதற்கு முகவரியிட்டு எழுது என்றார். மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் கிளிநொச்சியிலேயே இருக்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார். எத்தனையோ தரம் அந்த வழியால் லொறி ஓட்டிப் போயிருக்கிறேன். 'கிரிப்'பில், அதுதான் கடன் தகவல் பணியகத்தில், விழுந்தாயிற்று, இனி எந்த வங்கியும் முகம் பாராது என்று எல்லோரும் சொன்னதைச் சொன்னேன். அது கறுப்புப் பட்டியல் இல்லை, நீ கட்டியதும் கட்டாததும் எழுதியிருக்கும் கொப்பி, உன் அறிக்கையை நீயே எடுத்துப் பார்க்கலாம் என்றார். எடுத்துப் பார்த்தேன். நான் நினைத்ததைவிட மோசமாக ஒன்றும் இல்லை. நன்றாகவும் இல்லை.

அந்த வருடம் பாராளுமன்றம் பராட்டேயை டிசம்பர் 15 வரை நிறுத்தி வைத்தது. பிறகு 2025 மார்ச் 31 வரை நீட்டினார்கள். ஊரில் பலர் கடன் தள்ளுபடி வந்துவிட்டது மாதிரி சந்தோசப்பட்டார்கள். சேர் சொன்னார், "மழை விட்டிருக்குத் தம்பி, மாரி போகேல்லை. இந்த வெயிலுக்குள்ள நெல்லைக் காயப்போடு." வங்கி ஏலம் போடும்வரை காத்திருக்காமல் களஞ்சியக் காணியை நானே விற்றேன். ஏலத்தில் வரக்கூடியதைவிட எவ்வளவு கூட என்று சரியாகச் சொல்லமுடியாது, ஆனால் வாங்கியவரை நான் தேடிப் பிடித்து விலை பேசினேன், அவர் என் அவசரத்துக்கு விலை பேசவில்லை. வங்கி தண்டனை வட்டியில் ஒரு பகுதியை விட்டது. லொறியை லீசிங்காரர் வந்து பிடிக்க முன் நானே கொண்டுபோய் விட்டேன். பெடியளின் சேமலாப நிதி கட்டியாயிற்று. மீட்டர் வட்டிக்காரரின் கணக்கும் முடிந்தது. எப்படி என்று இங்கே எழுத மாட்டேன். மைத்துனருக்கு இன்னும் மூன்று இலட்சம். கம்பனியைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அலுவல் நடந்துகொண்டிருக்கிறது. அதற்கும் எல்லா வருடாந்த அறிக்கைகளும் போட வேண்டுமாம், சாகிறதுக்கும் படிவம்.

எல்லாம் வென்றுவிட்டேன் என்று இல்லை. அப்பாவின் உறுதிக் காணி போய்விட்டது. ஐந்தாவது கடிதத்தை வந்த அன்றே உடைத்திருந்தால் அரைவாசியாவது மிஞ்சியிருக்கும் என்று சேர் ஒரு தரம் சொன்னார், பிறகு அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

இப்போது வீட்டு வாசலில் ஒரு சின்னக் கொட்டிலில் குழாய், பெயின்ற், ஆணி விற்கிறேன். கடன் இல்லை என்று பலகை போட்டிருக்கிறேன். பழைய கடன் கொப்பியை மட்டும் எறியவில்லை.

போன மாதம் விசுவமடுவிலிருந்து ஒரு அம்மா வந்தா. 2019இல் 48,500 ரூபாவுக்குச் சீமெந்தும் கம்பியும் எடுத்தவ. வீடு இன்னும் யன்னல் மட்டத்தில்தான், மேலே தகரம் போட்டிருக்கிறாவாம். பஸ்ஸுக்குக் காசு மிஞ்சும் மாதங்களில் வந்து ஐந்நூறு, ஆயிரம் என்று தந்துவிட்டுப் போவா. அன்றைக்கு ஆயிரம் ரூபாவை முந்தானையிலிருந்து அவிழ்த்து மேசையில் வைத்தா. கொப்பியைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஐயாயிரத்து ஐந்நூறு இருக்கு அம்மா, ஆறுதலாத் தாங்கோ" என்றேன்.

"நாலாயிரம்" என்றா.

கைப்பைக்குள்ளிருந்து பிள்ளையின் பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்தா. பின் பக்கத்திலிருந்து எழுதியிருந்தது. திகதி, தொகை, யாரிடம் கொடுத்தது. 2021 தைப்பொங்கலுக்கு முதல் நாள், ஆயிரத்து ஐந்நூறு, கடைப் பெடியனிடம். அன்றைக்கு நான் வவுனியாவில் நின்றேன். பெடியன் லாச்சிக்குள் போட்டிருப்பான், நான் எழுதவில்லை.

பேனையை எடுத்து என் கொப்பியில் இருந்த தொகையை வெட்டி, அவவின் தொகையை எழுதினேன். எழுதும் வரை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு, "துண்டு ஒண்டு எழுதித் தாங்கோ தம்பி" என்றா.